அதே உயரத்தில் ஒரு மறுப்பு

சின்னவள் அச்செழுத்து வரைகிறவள். கணினியில் தட்டினால் திரையில் வந்து நிற்கிற எழுத்துகளை யாரோ ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வரைந்திருக்க வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. "அதான் ஏற்கெனவே இருக்கே, இன்னும் என்னத்த வரையுறே?" என்று அவளுடைய அக்காவே பல தடவை கேட்டிருக்கிறாள். வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்றுதான் பேர். முப்பத்தெட்டு வயதாகியும் அது மாறவில்லை.

அக்காவும் அத்தானும் மருந்துக் கடை வைத்திருந்தார்கள். கடைக்குப் பின்னால் அவர்கள் வீடு, கடைக்கு மேலே சின்னவளின் அறை. அறையில் ஒரு நீள மேசை, இரண்டு திரை, ஒரு பழைய பிரிண்டர். ஜன்னலைத் திறந்தால் கீழே மருந்துச் சீட்டோடு நிற்பவர்களின் தலைகள் தெரியும்.

மாலைப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர் அவளைக் கூப்பிட்டு அனுப்பியபோது அவள் அதுவரை பெரிய வேலை எதுவும் செய்திருக்கவில்லை. இரண்டு பாடப்புத்தக எழுத்து, ஒரு வங்கியின் விளம்பர எழுத்து, அவ்வளவுதான். ஆசிரியர் வெந்நீர் தம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார்.

"எங்க பேப்பர் சாயங்காலம் மூணரைக்கு வெளிய வரும். வாங்குறவன் பஸ்ஸப் பிடிக்க ஓடிட்டிருப்பான். ஓடுறப்பவே தலைப்பு கண்ணுல அடிக்கணும். எழுத்து உயரமா இருக்கணும், தடியா இருக்கணும், ஆனா இடத்த அடைக்கக் கூடாது."

"யானைய பஸ் சீட்டுல உக்கார வைக்கச் சொல்றீங்க" என்றாள் சின்னவள்.

"ஆமா. அதுவும் ஜன்னல் சீட்டுல."

ஒன்பது மாதம் ஆனது. தமிழ் எழுத்துக்குப் படுத்துக்கொள்ளத்தான் பிடிக்கும். நிற்கச் சொன்னால் அடம் பிடிக்கும். 'ணை' ஒன்று வந்தால் அது மூன்று 'ர' உட்கார வேண்டிய இடத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். இருக்கிற எழுத்தையே கணினியில் இரண்டு பக்கமும் அமுக்கிவிடலாமே என்று கேட்பார்கள். அமுக்கினால் நிற்கிற கோடு மெலியும், படுக்கிற கோடு அப்படியே தடியாக இருக்கும். பார்த்தால் எழுத்து தலையில் மூட்டை சுமப்பது போல இருக்கும். அதனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து வரைய வேண்டியிருந்தது. வளைவுகளைச் சதுரமாக்கினாள். சுழிகளை மெல்லிய பிளவுகளாக ஒடுக்கினாள். மலிவான தாளில் மை பரவி அந்தப் பிளவுகளை அடைத்துவிடும் என்பதால், கோடும் கோடும் சேருகிற மூலைகளில் சின்னச் சின்ன வெட்டு விட்டாள். மை அந்த வெட்டுக்குள் போய் நிறைந்துவிடும், எழுத்து தப்பித்துவிடும். முதல் சோதனை அச்சில் 'மீன்' என்பது 'மின்' என்று வந்தது. ஈகாரத்தின் சுழியைத் திறந்துவிட மட்டும் மூன்று வாரம்.

முடித்த எழுத்துக்கு 'நெட்டை' என்று பேர் வைத்தாள். பத்திரிகையில் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. பக்கத்தை எட்டுப் பத்தியாகப் பிரித்து, அதில் ஆறு பத்தி அகலத்துக்குத் தலைப்பு போடுவது அவர்கள் வழக்கம். பழைய எழுத்தில் அந்த அகலத்தில் பன்னிரண்டு எழுத்துக்கு மேல் ஏறாது. நெட்டையில் அதே உயரத்துக்குப் பதினேழு ஏறியது. தலைப்பு எழுதுகிறவர் இருபத்திரண்டு வருடமாக விரலை மடக்கி எழுத்து எண்ணியே பழகியவர். பேசும்போதுகூட விரல் தானாக மடங்கும். அவர் முதல் நாள் போன் பண்ணி, "அம்மா, வாடகை வீட்டுலருந்து சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு" என்றார். அவரைத் தலைப்புக்காரர் என்றுதான் அலுவலகத்தில் எல்லோரும் கூப்பிட்டார்கள்.

இது நடந்து நாலாவது மாதம், சின்னவள் காலையிலேயே தாள் வாங்கக் கடைவீதிக்குப் போய்விட்டு, சாயங்காலம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தாள். பேப்பர் கடையில் அன்றைய தலைப்புச் சுவரொட்டியைத் தொங்கவிட்டிருந்தார்கள். தூரத்திலிருந்தே அவள் எழுத்து தெரிந்தது. அவள் எப்போதும் போல எழுத்தைத்தான் முதலில் பார்த்தாள். 'ற்'றுக்கும் 'ற'வுக்கும் நடுவில் இடைவெளி சரியாக இருக்கிறது, 'டை' கொஞ்சம் முன்னால் சாய்கிறது, அதை அடுத்த தடவை திருத்த வேண்டும் என்று நினைத்தாள். அப்புறம்தான் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தாள்.

போலி மருந்து விற்ற கடைக்காரர் கைது.

ஒரு பிரதி வாங்கினாள். முதல் பக்கத்தில் தலைப்புக்குக் கீழே ஒரு படம். பாதி இறங்கிய ஷட்டர், பக்கத்தில் எடை பார்க்கும் மெஷின், மேலே திறந்திருக்கிற ஒரு ஜன்னல். அது அவளுடைய ஜன்னல்.

நடந்தது இதுதான். காலை பத்து மணிக்கு மருந்து ஆய்வாளர்கள் இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். ஒரு இருமல் மருந்து பாட்டிலில் தொகுதி எண், அதாவது பேட்ச் நம்பர், விசித்திரமாக இருக்கிறது என்று யாரோ புகார் கொடுத்திருந்தார்கள். அந்த மருந்தில் ஆறு பாட்டில் எடுத்து முத்திரை வைத்தார்கள். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட ஆபீசுக்கு வாருங்கள் என்றார்கள். அத்தான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவர்கள் வண்டியிலேயே போனார். மூன்றரை மணி வரை உட்கார வைத்து, கையெழுத்து வாங்கி, போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். அத்தான் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தார். நின்றுகொண்டுதான் வர வேண்டியிருந்தது. உட்கார்ந்திருந்தவர்களில் நாலைந்து பேர் அவர் கைதான செய்தியைப் படித்துக்கொண்டு வந்தார்கள்.

சின்னவள் வீட்டுக்குள் நுழைந்தபோது அத்தான் சட்டைகூட மாற்றாமல் நாற்காலியில் இருந்தார். மேசையில் பேப்பர் விரித்துக் கிடந்தது. அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

"இந்த எழுத்து யாரு வரைஞ்சது?" என்று அக்கா கேட்டாள்.

"அக்கா, நான் எழுத்துதான் வரைஞ்சேன். வார்த்தைய அவங்கதான் போட்டாங்க."

"எங்கிட்ட இலக்கணம் பேசாத. யாரு வரைஞ்சது?"

"நான்தான்."

"தெருவுக்கு அந்தப் பக்கம் நின்னு படிக்கலாம் போல இருக்கு. தையக்காரர் அங்க நின்னு படிச்சுட்டுத்தான் என்னைப் பாத்தாரு."

அத்தான் பேப்பரை மடித்தார். "விடு. வேலை சுத்தமாத்தான் பண்ணியிருக்கா. 'லி'யோட ஓட்டை எவ்வளவு நல்லாத் தெரியுது பாரு" என்றார். அவர் அதைச் சொன்ன விதத்தில் கேலியா, ஆறுதலா என்று சின்னவளுக்குப் புரியவில்லை. அவருக்கே புரிந்திருக்காது.

அன்றிலிருந்து அக்கா அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சண்டை போடவில்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டு மூடி மாடிப்படியில் வைத்துவிட்டுப் போவாள், அவ்வளவுதான்.

ஜன்னலுக்குக் கீழே தலைகள் குறைந்தன. முதல் இரண்டு நாள் வந்தவர்கள் வாங்க வரவில்லை, திருப்பிக் கொடுக்க வந்தார்கள். பாதி குடித்த டானிக், பிரிக்காத மாத்திரை அட்டை, பல வருடத்துக்கு முந்தைய கண் சொட்டு மருந்து. அத்தான் எல்லாவற்றையும் வாங்கி ஓர் அட்டைப் பெட்டியில் போட்டு வைத்தார். தையற்காரர் எதிர்க்கடைக்காரர், பதினைந்து வருடப் பழக்கம். அவர் சர்க்கரை மாத்திரைக்கு இரண்டு தெரு தள்ளிப் போக ஆரம்பித்தார். போகும்போது கடைப் பக்கம் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று தரையைப் பார்த்து நடந்தார். ஒருநாள் சைக்கிளில் முட்டிக்கொண்டார்.

இருபத்து மூன்றாவது நாள் ஆய்வுக்கூடத்திலிருந்து அறிக்கை வந்தது. மருந்து அசல். கம்பெனியில் லேபிள் அச்சிடும்போது தொகுதி எண்ணில் ஓர் இலக்கம் விட்டுப்போயிருக்கிறது. கடைக்காரர் மேல் குற்றம் எதுவும் இல்லை. அத்தான் அறிக்கையின் நகலைப் பத்திரிகைக்கு அனுப்பினார். நாலு நாள் கழித்து ஆறாம் பக்கத்தில், வானிலைக்குக் கீழே, ஐந்து வரியில் ஒரு திருத்தம் வந்தது. அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினாள். அப்படியும் கிடைக்கவில்லை. அத்தான் விரலை வைத்துக் காட்டினார்.

மறுநாள் மத்தியானம் சின்னவள் பத்திரிகை ஆபீசுக்குப் போனாள். அன்றைய பேப்பர் அச்சுக்குப் போய்விட்டிருந்தது. எல்லோரும் நாற்காலியைப் பின்னால் சாய்த்து உட்கார்ந்திருந்தார்கள். தலைப்புக்காரரின் மேசைக்கு நேராகப் போய், பழைய பேப்பரை விரித்து வைத்தாள்.

"இது நீங்க எழுதினதா?"

"நான்தான். ஏம்மா?"

"இவர் எங்க அத்தான். அந்த ஜன்னல் என்னோடது."

அவர் படத்தைக் குனிந்து பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார்.

"நிருபர் என்ன எழுதிக் குடுத்தார்?" என்று சின்னவள் கேட்டாள்.

"மருந்துக் கடையில சோதனை, கடைக்காரர விசாரணைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அவ்வளவுதான் குடுத்தார்." அவர் விரல் மடங்க ஆரம்பித்தது. "பழைய எழுத்தா இருந்தா நான் என்ன போட்டிருப்பேன் தெரியுமா? 'மருந்துக் கடையில் சோதனை.' பன்னெண்டு எழுத்து. சரியா உக்காரும். அதுக்கு மேல யோசிக்கவே மாட்டேன். உங்க எழுத்துல இன்னும் அஞ்சு எழுத்துக்கு இடம் இருந்துச்சு. சும்மா விட மனசு வரல. நிரப்பிட்டேன்."

அவர் சாக்குச் சொல்லவில்லை. கணக்கு வாத்தியார் விடையைச் சொல்வது போலச் சொன்னார். சின்னவளுக்குக் கோபம் வந்த இடத்திலேயே நின்றுவிட்டது. அந்த ஐந்து எழுத்துக்கு இடம் பண்ணிக் கொடுக்கத்தான் அவள் ஒன்பது மாதம் உட்கார்ந்திருந்தாள். அந்த இடத்தில் என்ன போடுவார்கள் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

இருவரும் ஆசிரியர் அறைக்குப் போனார்கள்.

"மறுப்பு முதல் பக்கத்துல வரணும். இதே எழுத்துல, இதே உயரத்துல" என்றாள் சின்னவள்.

ஆசிரியர் வெந்நீரைக் கீழே வைத்தார். "அப்படி யாரும் போட்டது கிடையாதும்மா. மறுப்ப அவ்வளவு பெருசா போட்டா, படிக்கிறவன் என்ன நினைப்பான்? இவனுங்க போடுறது எல்லாமே இப்படித்தான்னு நினைப்பான்."

"சின்னதா போட்டா?"

"சின்னதா போட்டா ஒண்ணும் நினைக்க மாட்டான்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

ஆசிரியர் தலைப்புக்காரரைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

"அஞ்சு எழுத்து நான் கூடப் போட்டுட்டேன் சார். அத நானே எடுத்துடுறேன்."

ஆசிரியர் மேசை மேல் இருந்த மாதிரிப் பக்கத்தை இழுத்து, பென்சிலால் கீழே வலது மூலையில் ஒரு கட்டம் போட்டார். "ரெண்டு பத்தி. முதல் பக்கம்தான். ஆனா மேல விளம்பரமும் செய்தியும் இருக்கு, கீழதான் வரும். இதுக்கு மேல ஒரு நூல்கூட நகர மாட்டேன். உயரத்த அப்படியே வச்சுக்கோங்க, எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா அந்த உயரத்துல ரெண்டு பத்திக்கு ஆறு எழுத்து தாண்டாது. உங்க எழுத்து உங்களுக்குத் தெரியாதா?"

நடக்காத ஒன்றைத் தாராளமாகக் கொடுத்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது. அப்புறம் ஞாபகம் வந்தவராக, "ஞாயிறு இணைப்புக்கு மெலிசா ஒரு எழுத்து கேட்டிருந்தேனே, எப்ப வரும்?" என்றார்.

"தர்றேன் சார். இது முதல்ல."

வெளியே வந்ததும் தலைப்புக்காரர் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். முதல் வரி: மருந்து போலி அல்ல. இரண்டாவது வரி: கைதும் இல்லை. "மேல ஒம்பது, கீழ ஆறு. இதுக்குக் குறைச்சா அர்த்தம் போயிடும். அல்லன்னு சொல்லணும், இல்லைன்னும் சொல்லணும். ரெண்டு தப்பு பண்ணியிருக்கோம்" என்றார்.

ஆறு எழுத்து இடத்தில் ஒன்பது. நெட்டையைவிட ஒல்லியான ஒரு நெட்டை வேண்டும். முழு எழுத்துத் தொகுதியையும் வரைய நேரம் இல்லை, தேவையும் இல்லை. சின்னவள் திரும்ப வருகிறவற்றைக் கழித்து எண்ணினாள். பதின்மூன்று வடிவம். நாலு நாள் உட்கார்ந்தாள். 'ம', 'ரு', 'து' எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டன. 'போ'வுக்கு மூன்று துண்டு என்பதால் கொம்பையும் காலையும் கம்பி மாதிரி இழுத்து ஒட்ட வைத்தாள். 'கை', 'லை' இரண்டுக்கும் முன்னால் வருகிற சங்கிலிக் கொம்புதான் உயிரை வாங்கியது. அது இரண்டு சுழி போட்டுச் சாவகாசமாக உட்காருகிற ஜாதி. ஒரு சுழியின் மேல் இன்னொன்றை ஏற்றி அடுக்கிப் பார்த்தாள், பார்க்கச் சகிக்கவில்லை. கடைசியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கீறலாக மாற்றினாள்.

அச்சடித்த தாளைக் கீழே கொண்டுபோய் அத்தானிடம் நீட்டினாள். அவர் ஒரே பார்வையில் படித்துவிட்டார்.

"உங்ககிட்ட காட்டிப் பிரயோஜனம் இல்ல அத்தான். டாக்டருங்க கையெழுத்தையே படிக்கிற ஆளு."

கடை காலியாகத்தான் இருந்தது. அத்தான் தாளை எடுத்துக்கொண்டு போய்க் கண்ணாடி அலமாரியின் கடைசிக் கதவில் ஒட்டினார். வீட்டுக்குப் போகிற வாசலில் அக்கா வந்து நின்றாள். கையில் துடைத்துக்கொண்டிருந்த பாத்திரம். அங்கிருந்தே பார்த்தாள். கண்ணைச் சுருக்கினாள்.

"மருந்து போலி அலல" என்றாள்.

"அல்ல" என்றாள் சின்னவள்.

"அலலன்னுதான் தெரியுது. புள்ளி எங்க?"

புள்ளி இருந்தது. ஆனால் 'ல'வின் தலையோடு ஒட்டிக்கொண்டு, தடித்த கோட்டில் கரைந்துபோயிருந்தது. சின்னவள் நாலு நாளாக அதையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவளுக்குத் தெரியவில்லை. ஒரு மாதத்துக்குப் பிறகு அக்கா அவளிடம் பேசிய முதல் வார்த்தை அலல என்று ஆகிவிட்டது. அத்தான் சிரிப்பை அடக்க முடியாமல் மாத்திரை டப்பாவை அடுக்கப் போனார். அக்கா கடுமையாக, "பல்லக் காட்டாதீங்க. இது தப்பா வந்தா இன்னொரு மறுப்பு போடணும்" என்றாள்.

சின்னவள் மாடிக்கு ஓடினாள். 'ல'வின் தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, வட்டப் புள்ளியைச் சப்பையாக்கி, நடுவில் வெள்ளை தெரிகிற மாதிரி இடம் விட்டாள். 'ந்', 'ம்' இரண்டுக்கும் அதையே செய்தாள். அக்கா மூன்று தடவை வாசலில் நின்று படித்தாள். மூன்றாவது தடவை, "இப்ப சரி" என்றாள்.

வியாழக்கிழமை மறுப்பு வந்தது. கீழே வலது மூலையில், மேலே இருந்த தலைப்பின் அதே உயரத்தில், மூன்றில் ஒரு பங்கு அகலத்தில். நெருக்கியடித்து வரிசையில் நிற்கிற ஆட்கள் மாதிரி எழுத்துகள் நின்றன. பார்க்க விநோதமாக இருந்ததாலேயே சிலர் நின்று பார்த்தார்கள். சுவரொட்டியில் போட ஆசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. சுவரொட்டி பேப்பர் விற்கத்தான், வாங்கினவனுக்குப் பதில் சொல்ல இல்லை என்றுவிட்டார். அன்றைய சுவரொட்டியில் ஒரு நடிகையின் விவாகரத்து தொங்கியது.

சனிக்கிழமை தையற்காரர் வந்தார். சர்க்கரை மாத்திரைச் சீட்டை நீட்டிவிட்டு, அலமாரிக் கதவில் ஒட்டியிருந்ததைப் படிப்பது போல நின்றார். அத்தான் மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். இருவரும் வெயிலைப் பற்றிப் பேசினார்கள். போகும்போது தையற்காரர், "உங்க பேன்ட்டு ஒண்ணு ரொம்ப நாளா எங்கிட்டயே கிடக்கு, அனுப்பி வைக்கிறேன்" என்றார்.

எல்லோரும் திரும்பி வரவில்லை. தலைப்பைப் படித்தவர்கள் அத்தனை பேரும் மறுப்பைப் படிக்கவில்லை. பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பெண்மணி வருடம் முழுக்கக் கடையில் மருந்து வாங்கிக்கொண்டிருந்தவர். அவர் கடைசிவரை வரவே இல்லை. ஆனால் ஜன்னலுக்குக் கீழே சாயங்காலத்தில் ஏழெட்டுத் தலைகள் மறுபடி தெரிய ஆரம்பித்தன. அக்கா இரவுச் சாப்பாட்டைப் படியில் வைப்பதை விட்டுவிட்டு, கீழே வந்து சாப்பிடு என்று கத்தினாள். சாப்பிடும்போது, "அந்தக் 'கை' கொஞ்சம் கூனிப்போய் நிக்குது" என்றாள்.

"அவசரத்துல வரைஞ்சது" என்றாள் சின்னவள்.

"அப்ப நிதானமா வரை."

ஞாயிறு இணைப்புக்கான மெல்லிய எழுத்தை அவள் சொன்னபடி முடித்துக் கொடுத்தாள். அதற்கு இரண்டு வாரம் கழித்துத் தலைப்புக்காரர் போன் பண்ணினார்.

"அம்மா, அந்த ஒல்லி எழுத்துல இன்னும் கொஞ்சம் வேணும். ஒரு 'ளை', ஒரு 'ஞ', ஒரு 'ர்'. 'இ' ஏற்கெனவே இருக்கு."

சின்னவள் மனத்துக்குள் சேர்த்துப் பார்த்தாள். "இளைஞரா?"

"ஆமா."

"என்ன பண்ணினார் அந்த இளைஞர்?"

"ஒண்ணும் பண்ணலயாம். அதத்தான் போடணும். நாளைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள முடியுமா?"

'ஞ'வை ஒல்லியாக்குவது லேசுப்பட்ட வேலை இல்லை. முடியும் என்று சொல்லிவிட்டு, அவள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.